மூன்றாம் ஷெட்டின் முட்டைகள்

சத்யபிரியாவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. மல்லசமுத்திரத்தில் காலை ஏழேகாலுக்குச் சேலம் பஸ்ஸில் ஏறினால், காலி இடம் இருந்தாலும் பாதி வழி நின்றுகொண்டேதான் வருவாள். கண்டக்டர்களுக்கு அது பழகிவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் கத்தரிக்காய்க் கூட்டை விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பாள். பக்கத்து இலைக்காரர்கள் அவளைப் பார்ப்பார்கள். கணவன் கதிர்வேல் போர்வெல் ரிக் வண்டியோடு வருடத்தில் பாதி நாள் ஒடிசாவில் இருப்பவன். ஊருக்கு வரும்போதெல்லாம், "சோத்தைத் திங்க உடு புள்ள, பரிச்ச பண்ணாத" என்பான்.

அவள் வேலை அப்படி. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருக்கும் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடம். காய்கறி, பால், மிளகாய்த் தூள், முட்டை என்று வருவதில் பூச்சிமருந்தின் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் அனுமதித்த அளவுக்குள் இருக்கும். ஆனால் அவள் மனம் அந்தப் பெரும்பாலான நாட்களில் நிற்காது. பார்க்காத காய், பார்க்காத மூட்டை, கூடத்துக்கு வராமலே சந்தைக்குப் போன வண்டி, இவற்றின் பின்னாலேயே ஓடும்.

இதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. அவளுக்குப் பதினொரு வயதிருக்கும்போது அப்பா அப்புசாமி கத்தரி போட்டிருந்தார். மருந்து டேங்கில் தண்ணீரை ஊற்றிவிட்டு, "ரெண்டு மூடி உடு சாமி" என்று அவளிடம் சொல்லிவிட்டு மோட்டாரை நிறுத்தப் போனார். முந்தின வாரம் அடித்தும் புழு சாகவில்லை என்ற கோபம் அவளுக்கு. மூன்றாவது மூடியும் ஊற்றினாள். மறுநாள் காலையில் அதே காயைப் பறித்து ஆட்டையாம்பட்டிச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். யாருக்கும் எதுவும் ஆனதாகச் செய்தி வரவில்லை. வராததுதான் அவளை அரித்தது. வாங்கியவர்கள் யார், அவர்கள் வீட்டில் எத்தனை குழந்தைகள் என்று பல வருடம் எண்ணிக்கொண்டிருந்தாள். வேதியியல் படிக்கப் போனபோது அப்பா காரணம் கேட்டார். அவள் சொல்லவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், சித்திரை பிறந்து பத்து நாள் இருக்கும். முட்டை வாங்கி விற்கும் ஒரு நிறுவனம் வழக்கமாக அனுப்பும் மாதிரிகளில் நானூற்றுப் பதினேழு என்று எண்ணிட்ட ஒரு பொட்டலம் வந்தது. பன்னிரண்டு முட்டைகள். உடைத்துக் கலக்கி, எடை போட்டு, கரைப்பான் ஊற்றிச் சுழற்றி, தெளிந்ததைக் கருவிக்குள் விட்டாள். திரையில் தட்டையாகப் போக வேண்டிய கோடு ஓர் இடத்தில் கூம்பாக எழுந்து இறங்கியது. எறும்புக்கும் பருத்திப் புழுவுக்கும் போடுகிற ஒரு மருந்து. முட்டையிடும் கோழியின் பக்கமே வரக் கூடாதது. அதனால் முட்டையில் அதற்கு அனுமதி, கிலோவுக்கு ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு மட்டுமே. இதில் நூறில் நான்கு பங்குக்குக் கொஞ்சம் மேலேயே இருந்தது.

அவள் தன்னைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். குடுவைகளை மறுபடி கழுவினாள். தெருமுனைக் கடையில் ஆறு முட்டை வாங்கி வந்து அதையும் சேர்த்து ஓட்டினாள். கடை முட்டையில் கோடு தட்டையாகப் போனது. நானூற்றுப் பதினேழில் மூன்று முறையும் கூம்பு எழுந்தது.

"அனுப்பிடு சத்யா. இதுக்கு மேல என்ன?" என்றார் கூடத்தின் முதலாளி ரமேஷ்குமார். அவள் கையெழுத்துப் போட்டாள். அன்று மாலை, முதல் வகுப்புப் படிக்கும் மகளிடம், "இன்னிக்கு ஸ்கூல்ல முட்டை தின்னியா?" என்று கேட்டாள். "தின்னேன்" என்றது குழந்தை. அது எந்தப் பண்ணை முட்டை என்று யாரிடம் கேட்பது?

நான்காம் நாள் காலை, வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் முப்பது முட்டை அட்டை ஒன்றை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"இங்க சத்யபிரியாங்கறது ஆருங்க?"

"நானுங்க."

"வையப்பமலைப் பக்கம் பண்ணை வெச்சிருக்கேன். வெள்ளியங்கிரின்னு பேரு. என்ற முட்டையில வெசம் இருக்குதுன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானுங்களா?"

"வெசம்னு எழுதலீங்க. அளவுதானுங்க எழுதியிருக்கேன்."

அவர் அட்டையை மேசைமேல் வைத்தார். ஒரு முட்டையை எடுத்து மேசை விளிம்பில் தட்டி, அண்ணாந்து பச்சையாக வாய்க்குள் ஊற்றி விழுங்கினார். தடுக்க நீண்ட சத்யபிரியாவின் கை பாதியில் நின்றது. அவர் துண்டால் வாயைத் துடைத்தார்.

"பாத்துக்குங்க. காத்தால ரெண்டு குடிச்சுப்போட்டுத்தான் வந்தேன். செத்தா போயிட்டேன்?"

கூடத்தில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. அவளும் உட்காரவில்லை.

"ஒரு முட்டையில ஒண்ணும் ஆகாதுங்க. ஆகும்னு நானும் சொல்லல. இது ஒரு நாளைக்கான பேச்சில்லீங்க. ஒரு கொழந்தை தெனமும் தின்னு, கெழவியாகற வரைக்கும் தின்னாலும் ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணாத அளவு எதுன்னு பாத்து, அதுக்கும் நெம்பக் கீழ ஒரு கோடு போட்டு வெச்சிருக்காங்க. இந்த மருந்து கோழிக்கே ஆகாதுன்னு ஒதுக்குனதுங்கறதால கோட்டை இன்னும் அடியில போட்டிருக்காங்க. உங்க முட்டை அந்தக் கோட்டுக்கு நாலு மடங்கு மேல நிக்குதுங்க."

"நான் எந்த மருந்தும் போடல அம்மிணி. என்ற பொண்ணு மேல சத்தியம்." இப்போதுதான் அவர் குரல் இறங்கியது. "வாங்கறவங்க நிறுத்திப்போட்டாங்க. பன்னெண்டாயிரம் கோழி. அதுங்ககிட்டப் போயி, முட்டையிடறத நிறுத்துன்னு சொல்ல முடியுமா? தெனமும் பத்தாயிரம் முட்டை வந்து உழுகுது. எங்க கொண்டுபோயி வெக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க."

அட்டையை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"நம்பர் குடுக்கறதோட நம்ம வேலை முடிஞ்சது. அதுக்கு மேல போகாத" என்றார் ரமேஷ்குமார். அவள் தலையாட்டினாள். அன்று முழுக்க எழுந்து எழுந்து ஜன்னலுக்குப் போனாள். பொய் சொல்கிறவன் முட்டையைத் தூக்கிக்கொண்டு முப்பது கிலோமீட்டர் வருவானா? வருவான், சிலர் வருவார்கள். ஆனால் இவர் அப்படித் தெரியவில்லை. மாலையில் பஸ் நிலையத்தில் நின்றபடியே அவருக்குப் போன் செய்தாள்.

"எத்தனை ஷெட்டுங்க?"

"மூணுங்க."

"முட்டையக் கலக்காம ஷெட்டுக்கு ஷெட் தனியா எடுத்து வெக்க முடியுமா? ஞாயித்துக்கெழம நான் வாரேனுங்க."

ஞாயிற்றுக்கிழமை போனாள். மூன்று ஷெட்டிலிருந்தும் தனித்தனியாக முட்டை, தீவனம், குழாய்த் தண்ணீர், எல்லாம் எடுத்தாள். திங்கட்கிழமை ரமேஷ்குமார் முகத்தைப் பார்க்காமல், "என் சொந்தப் பொறுப்புல ஓட்டறேன் சார்" என்றாள். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு அறைக்குள் போனார்.

தீவனத்தில் ஒன்றுமில்லை. தண்ணீரிலும் இல்லை. முதல் ஷெட் முட்டையிலும் இரண்டாம் ஷெட் முட்டையிலும் கோடு தட்டை. மூன்றாம் ஷெட் முட்டையில் மட்டும் கூம்பு முன்னைவிட மூன்று மடங்கு உயரமாக எழுந்தது. அனுமதித்த கோட்டுக்குப் பன்னிரண்டு மடங்கு. முன்பு மூன்று ஷெட் முட்டையும் கலந்து வந்ததால்தான் நான்கு மடங்காகத் தெரிந்திருக்கிறது. கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நொடிதான். அந்த ஒரு ஷெட் முட்டை மட்டும் போய்ச் சேர்ந்த வீடு எது என்று எண்ணத் தொடங்கிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு மறுபடி போனாள். மூன்றாம் ஷெட்டில் முட்டை எடுப்பவள் அங்கம்மாள். நாற்பத்தெட்டு வயது. கணவனுடைய முழுக்கைச் சட்டையைச் சேலைமேல் போட்டு, அந்த வெயிலிலும் மணிக்கட்டுப் பொத்தான் வரை மாட்டியிருந்தாள். நடுநடுவே முட்டை அட்டையின் ஓரத்தால் முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள்.

"கையில என்னங்க்கா?"

"செள்ளுப் பூச்சிக் கடிங்க அம்மிணி. கோழி மேல இருக்கறது மனுசன் மேல ஏறிக்குது."

சத்யபிரியா குனிந்து தீவனத் தொட்டியின் அடிப்பக்கம் பார்த்தாள். கூண்டுக் கம்பிகளின் மடிப்பில் வெள்ளைத் தூள் கோடு கோடாகப் படிந்திருந்தது. பஞ்சால் ஒற்றி எடுத்துப் புட்டியில் போட்டாள். அங்கம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சுண்ணாம்புங்களா இது?"

"ஆமாங்க" என்றாள் அங்கம்மாள், கோழிகளைப் பார்த்துக்கொண்டு.

சுண்ணாம்பு இல்லையென்று சத்யபிரியாவுக்கு அப்போதே தெரிந்தது. இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் அங்கேயே பேச்சு முடிந்திருக்கும். கேட்கவில்லை. கருவி சொல்லட்டும் என்று புட்டியைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அன்றைக்குக் கேட்காமல் வந்ததற்காக அவள் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. அதே மருந்து. வெள்ளியங்கிரிக்குப் போன் செய்து, "மூணாவது ஷெட்ல கூண்டுக் கம்பியில பூச்சித்தூள் இருக்குதுங்க. அதைத்தான் கோழி தின்னுருக்குது" என்று மட்டும் சொன்னாள். யார் பெயரையும் சொல்லவில்லை. பெயரை மறைத்துவிட்டோம் என்று ஒரு நாள் நிம்மதியாகக்கூட இருந்தாள். வியாழக்கிழமை அவரே கூப்பிட்டார்.

"ஆளைப் புடிச்சுட்டேன் அம்மிணி. அந்த ஷெட்டுக்கு அங்கம்மா ஒருத்திதான். கேட்டதும் ஒத்துக்கிட்டா. அன்னிக்கே வெரட்டிப்போட்டேன்."

"அவங்க ஊடு எங்கீங்க?" என்று கேட்டாள் சத்யபிரியா.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். பண்ணையிலிருந்து ஒரு கிலோமீட்டரில், ரோட்டை ஒட்டிய காலனியில் ஓட்டு வீடு. அங்கம்மாள் திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் வாசலில் நின்றாள். அவள் சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சட்டைக்கையை மேலே சுருட்டிக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து தோள்வரை சிவந்த புள்ளிகள். சொறிந்து சொறிந்து சில இடத்தில் தோலே தடித்துக் கறுத்திருந்தது.

"மூணு தடவ சொன்னேன் அம்மிணி. மாசியில ஒரு தடவ, பங்குனியில ரெண்டு தடவ. கோழின்னா செள்ளு இருக்கத்தான் செய்யும்னு சொல்லிப்போட்டாரு. எறும்புத் தூளு வாங்கி, பழைய துணியில முடிஞ்சு, கம்பியில நாலு தட்டுத் தட்டிப்போட்டு அப்பறம் கைய உடுவேன். கோழி மேல எனக்கென்ன வெரோதம்? முட்டைக்குள்ள போகும்னு எனக்கெப்புடித் தெரியும்? நான் எனக்குத்தான் போட்டேன்."

"நீங்கதான்னு நான் சொல்லலீங்க்கா."

"நீங்க சொல்லாட்டி என்ன? அந்த ஷெட்டுன்னு சொன்னாப் போதாதா?" கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அதிகமாகக் குத்தியது. பிறகு சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டே கேட்டாள்: "தட்டறப்ப மூஞ்சியெல்லாம் பறக்கும். ரெண்டு மாசமா அதைத்தான் மோந்திருக்கேன். முட்டைக்குள்ள இத்தனை இருக்குதுன்னு கண்டுபுடிச்சீங்களே, என்ற ஒடம்புல எத்தனை இருக்குதுன்னு பாத்துச் சொல்ல முடியுங்களா?"

"எங்ககிட்ட அதுக்கு வழியில்லீங்க்கா."

"முட்டைக்கு ஏதோ கோடுன்னு மொதலாளி சொன்னாரு. மனுசனுக்குக் கோடு கீடு போட்டு வெக்கலியா?"

சத்யபிரியா தண்ணீரைக் குடிக்காமல் சொம்பைக் கீழே வைத்தாள். தன் ஒன்பது வருட வேலையில் இந்தக் கேள்வி தனக்கே ஏன் வரவில்லை என்று அவளுக்கு விளங்கவில்லை.

அங்கிருந்து நேராகப் பண்ணைக்கு நடந்தாள். வெள்ளியங்கிரி ஷெட்டுக்குப் பின்னால் குழி வெட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அந்தம்மா மூணு தடவ செள்ளு செள்ளுன்னு சொன்னாங்களாமே. நீங்க ஒரு தடவையாவது பாத்தீங்களா?"

"செள்ளு எல்லாப் பண்ணையிலும் இருக்கறதுதானுங்க."

"அப்ப வாங்க. சட்டையக் கழட்டிப்போட்டு, அந்தத் தொட்டிக்கு அடியில பத்து நிமிசம் கைய வெச்சுக்கிட்டு நில்லுங்க. அவங்க தெனமும் அஞ்சு மணி நேரம் வெச்சிருக்காங்க."

சொன்ன பிறகுதான், வயதில் பெரியவரிடம் இப்படிப் பேசிவிட்டோமே என்று அவளுக்கு உறைத்தது. அவர் அவளை முறைத்தார். ஆனால் சட்டையைக் கழற்றினார். கூண்டின் கீழே கையை நீட்டிக்கொண்டு நின்றார். நான்கு நிமிடத்தில் மிளகாய் விதையைவிடச் சின்னதாக, சிவப்பும் கறுப்புமாக முழங்கையில் ஏற ஆரம்பித்தன. ஆறாவது நிமிடம் கையை உதறிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினார். கழுவிக் கழுவித் தேய்த்தார்.

"கோழி எச்சத்தை அள்ளி மூணு மாசமாச்சுங்க" என்றார் கடைசியில், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

அதற்குப் பின் நடந்ததெல்லாம் மெதுவான வேலை. சத்யபிரியாவுக்குப் பிடிக்காததும் அதுதான், மெதுவாக நடப்பது. முதல் இரண்டு ஷெட் முட்டைகளை மறுபடி சோதித்துச் சுத்தம் என்று தெரிந்ததும் வாங்குபவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் ஷெட்டில் எச்சத்தை அள்ளி, கம்பிகளைத் தேய்த்துக் கழுவினார்கள். செள்ளுக்குக் கால்நடை மருத்துவர் சொன்ன மருந்தை, அவர் சொன்ன அளவில், அவர் பக்கத்தில் நிற்கும்போதே அடித்தார்கள். அந்தக் கோழிகளை இறைச்சிக்கும் விற்க முடியாது. கொழுப்பில் பழைய மருந்து இருந்தது. அவை பாட்டுக்கு முட்டையிட்டுக்கொண்டே இருந்தன. தினமும் மூவாயிரத்துச் சொச்சம் முட்டைகளைக் குழியில் கொட்டி உடைத்துச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். ஒருநாள் தன் மனைவி அதைப் பார்க்கச் சகிக்காமல் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போனதாக வெள்ளியங்கிரி சொன்னார்.

வாரம் ஒரு முறை சத்யபிரியா அந்த ஷெட் முட்டையைச் சோதித்தாள். பன்னிரண்டு மடங்கு எட்டரை ஆயிற்று. பிறகு ஆறு, நான்கு, இரண்டரை. ஆறாம் வாரம் ஒன்றரைக்கு வந்தபோது, "இப்பப் பரவால்லீங்களா?" என்று கேட்டார் அவர். "இல்லீங்க" என்றாள். அவர் மறு பேச்சில்லாமல் அந்த வார முட்டையையும் குழிக்கு அனுப்பினார். அதற்கடுத்த வாரம்தான் கோட்டுக்குக் கீழே இறங்கியது. அப்படியும் இன்னும் ஒரு வாரம் பொறுத்து மறுபடி பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

அதே நாட்களில் அங்கம்மாளைச் சேலத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அவர் களிம்பும் மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். "அந்தத் தூளைத் தொடறதை நிறுத்துங்க. உடம்பே கொஞ்சம் கொஞ்சமா வெளிய தள்ளிடும்" என்றார்.

"எத்தனை நாள்ல டாக்டர்? இப்ப எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டது சத்யபிரியாதான்.

"உங்க மெஷின் சொல்ற மாதிரி என்னால சொல்ல முடியாதும்மா."

அங்கம்மாள் அந்தப் பதிலை எளிதாக ஏற்றுக்கொண்டாள். வெளியே வந்து சாத்துக்குடி ஜூஸ் குடித்தாள். சத்யபிரியாவுக்குத்தான் ஆறவில்லை. சென்னையிலும் ஹைதராபாத்திலும் ரத்தத்தில் பார்க்கும் இடங்கள் எவை என்று தேடித் தேடி எழுதிவைத்தாள். "வேண்டாம் அம்மிணி, ரத்தத்தையெல்லாம் எடுத்து ஊர் ஊரா அனுப்பிக்கிட்டு" என்று அங்கம்மாள் மறுத்துவிட்டாள்.

வெள்ளியங்கிரி ஒருநாள் அங்கம்மாள் வீட்டு வாசலுக்குப் போய் நின்று வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார். "உங்க மேல கோவமில்லீங்க. ஆனா அந்த ஷெட்டுக்குள்ள வர மாட்டேனுங்க" என்று சொல்லியிருக்கிறாள். ராசிபுரம் ரோட்டில் வேறொரு பண்ணைக்குப் போகத் தொடங்கினாள். அவளுக்குத் தெரிந்த வேலை அதுதான்.

கூடத்தில் மாதிரியோடு நிரப்பி அனுப்பும் படிவத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று சத்யபிரியா பிடிவாதம் பிடித்தாள். முட்டை எடுப்பவரிடம் கேட்டு எழுத வேண்டிய வரி: ஷெட்டில் செள்ளு உண்டா, எதையாவது தூவினீர்களா?

"அது நாம கேக்கற கேள்வியா சத்யா?" என்றார் ரமேஷ்குமார்.

"அன்னிக்கே கேட்டிருந்தா மூணு வாரம் தேடியிருக்க வேண்டாம் சார். ஒருத்தர் வேலையும் போயிருக்காது."

இரண்டு மாதம் இழுத்தடித்துவிட்டு அவர் ஒத்துக்கொண்டார். இப்போது அந்த வரி இருக்கிறது. திரும்பி வரும் படிவங்களில் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் எழுதியிருக்கும், மற்ற வரிகளை எழுதிய அதே முதலாளிக் கையெழுத்தில். முட்டை எடுப்பவரிடம் யாரும் கேட்கவில்லை என்று அதைப் பார்த்ததும் தெரியும். அவள் ஒவ்வொரு பண்ணைக்கும் போன் செய்து, முட்டை எடுப்பவரிடம் போனைக் கொடுக்கச் சொல்வாள். சிலர் கொடுப்பார்கள். சிலர், "வேலையா இருக்காங்க மேடம்" என்பார்கள். அப்படிச் சொன்ன பண்ணைகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறாள். அந்த நோட்டு வளர்ந்துகொண்டே போகிறது.

போன புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கருவியின் முன் நின்றிருந்தபோது அங்கம்மாளின் அழைப்பு வந்தது.

"அம்மிணி, இங்கயும் ஏறுதுங்க."

"என்னங்க்கா?"

"செள்ளுதான். நேத்துல இருந்து. தூளு கீளு ஒண்ணும் போடல. மொதலாளிகிட்டச் சொன்னேன், பாக்கலாம்ங்கறாரு. அவரு எப்பப் பாக்கறது? நீங்க வாரீங்களா?"

சத்யபிரியா கையுறையைக் கழற்றியபடியே, "பண்ணைப் பேரு சொல்லுங்க" என்றாள். எழுத நோட்டைத் தேடினாள், கிடைக்கவில்லை, உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டாள். ரமேஷ்குமாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்ற நினைவு அவளுக்கு இரண்டாவது படிக்கட்டில் வந்தது. திரும்பி மேலே ஏறினாள், சொன்னாள், அவர் பதில் சொல்லும் முன்பே மறுபடி இறங்கினாள். ராசிபுரம் பஸ்ஸில் நிறைய இடம் காலியாக இருந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.